பாக்கராக் பாட்டை ஜாஸில் கேட்பது எப்படி

பாடகி டயான் வார்விக்கிடமிருந்து தொடங்குங்கள். அமெரிக்க இசையமைப்பாளர் பர்ட் பாக்கராக் மெட்டமைத்து அவர் பாடிய பாட்டுகளில் ஒன்றை எடுத்து, முணுமுணுக்க வரும்வரை கேளுங்கள். மூலப் பாட்டு மனதில் ஓடாவிட்டால், ஜாஸ்காரர் எதை மாற்றினார் என்பது பிடிபடவே படாது. ஹோட்டல் லாபியில் ஓடும் இசை மாதிரிதான் கேட்கும்.

முதல் பாட்டாக நான் சொல்வது 1967இல் வந்த 'ஐ சே எ லிட்டில் பிரேயர்'. 'ஃபாரெவர்' என்று தொடங்கும் பகுதி வந்ததும் மேஜையில் தட்டிப் பாருங்கள். நான்கு, மூன்று, நான்கு என்று போகும், மொத்தம் பதினொன்று. நான்கு நான்காகத் தட்டினால் பாட்டு உங்களை விட்டுவிட்டு முன்னே போய்விடும். ரேடியோவில் கேட்டு எல்லோரும் பாடிய பாட்டுக்குள் இப்படியொரு கணக்கு! பாக்கராக்கிடம் இது ஆச்சரியமில்லை. சிறுவயதில் நியூயார்க்கின் 52ஆம் தெரு கிளப்களில் ஜாஸ் டிரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பியைக் கேட்டவர், பிறகு பிரெஞ்சு இசையமைப்பாளர் டாரியஸ் மியோவிடம் இசையமைப்பு படித்தவர்.

சரி, இப்போது ரோலண்ட் கிர்க்கின் 'வாலண்டியர்ட் ஸ்லேவரி' ஆல்பத்தில் (1969) அதே பாட்டைப் போடுங்கள். பார்வையற்ற கலைஞர், ஒரே நேரத்தில் இரண்டு மூன்று சாக்ஸபோன்களை வாயில் வைத்து ஊதுவார். முதல் தடவை எதையும் எண்ண வேண்டாம், சும்மா கேளுங்கள். இரண்டாம் தடவை மூலப் பாட்டை மனதுக்குள் பாடிக்கொண்டே கேளுங்கள். எங்கே அவரோடு சேர்ந்து பாட முடிகிறது, எங்கே கை நழுவுகிறது என்று மட்டும் பாருங்கள். நழுவும் இடத்தில் நிறுத்தி, பத்து விநாடி பின்னே போய் மறுபடி கேளுங்கள். இந்த வேலைக்குப் பொறுமை வேண்டும், பஸ்ஸில் செய்ய முடியாது.

கிர்க் கொஞ்சம் முரடாகத் தோன்றினால் இன்னொரு சாக்ஸபோன்காரர் ஸ்டான் கெட்ஸுக்குப் போகலாம். 1968இல் பாக்கராக் பாட்டுகளுக்கென்றே ஒரு ஆல்பம் போட்டார். மெட்டைவிட்டு அதிகம் விலகமாட்டார் என்பதால் பழகுவதற்கு நல்லது. பின்னால் வரும் வயலின் கூட்டம் எனக்குக் கொஞ்சம் சர்க்கரை அதிகம். பியானோ கலைஞர் மக்காய் டைனர் 1997இல் செய்த பாக்கராக் ஆல்பத்திலும் பெரிய ஆர்கெஸ்ட்ரா உண்டு. அதில் டைனரின் இடது கையை மட்டும் பின்தொடருங்கள், மற்றது தானாக வரும்.

இன்னொரு பியானோ கலைஞர் பில் எவன்ஸைக் கடைசிக்கு வையுங்கள். அவருடைய 'மான்ட்ரூ 2' ஆல்பத்தில் (1970) 'ஆல்ஃபி' இருக்கிறது. தன் பாட்டுகளிலேயே தனக்குப் பிடித்தது என்று பாக்கராக் சொன்னது இதைத்தான். இங்கே தாளத்தை மறந்துவிட்டு, மெட்டுக்கு அடியில் இருக்கும் கார்டுகளை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்களை, கவனியுங்கள். பியானோவோ கீபோர்டோ வீட்டில் இருந்தால் மெட்டை ஒற்றை விரலால் வாசித்துவிட்டு எவன்ஸைப் போடுங்கள். அதே சுரத்துக்கு அவர் கீழே வைக்கும் கார்டு வேறு நிறம் கொடுப்பது அப்போதுதான் காதில் படும். எனக்கு இதுதான் முழுத் தொகுப்பிலும் உயர்ந்தது.

தேடும்போது ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். சாக்ஸபோன் கலைஞர் சோனி ரோலின்ஸுக்கும் 'ஆல்ஃபி' என்று 1966இல் ஒரு ஆல்பம் உண்டு. 'ஆல்ஃபி' என்ற படத்துக்கு ரோலின்ஸ் எழுதிய பின்னணி இசை அது. பாக்கராக்கின் பாட்டு அதில் கிடையாது. தவறி அதைப் போட்டுவிட்டால் அணைக்க வேண்டாம், நல்ல ஆல்பம்தான்.