வர்த்தகப் பற்றாக்குறை: ஒற்றை எண்ணைப் பிரித்துப் படிப்பது எப்படி?

பற்றாக்குறை கூடினால் கெடுதல், குறைந்தால் நன்மை என்று படித்தால் பல நேரம் ஏமாந்து போவோம். 2009-இல் அமெரிக்காவின் சரக்கு வர்த்தகப் பற்றாக்குறை வெகுவாகச் சுருங்கியது. ஏற்றுமதி செழித்ததால் அல்ல. மந்தநிலையில் வாங்குவார் குறைந்து, இறக்குமதி ஏற்றுமதியைவிட அதிகமாக விழுந்ததால். எனவே வித்தியாசத்தைப் பார்க்கும் முன், ஏற்றுமதி, இறக்குமதி இரண்டையும் தனித்தனியே பாருங்கள்.

கணக்கு எளிது: சரக்கு ஏற்றுமதியின் மதிப்பிலிருந்து இறக்குமதியின் மதிப்பைக் கழிக்க வேண்டும். மென்பொருள், சுற்றுலா போன்ற சேவைகளும், வெளிநாட்டில் உழைப்பவர்கள் வீட்டுக்கு அனுப்பும் பணமும் இதில் சேராது. அவை நடப்புக் கணக்கில், அதாவது சரக்கோடு இவற்றையும் சேர்த்து வெளிநாடுகளுடனான வரவு செலவைக் காட்டும் கணக்கில் வரும். சரக்கில் பற்றாக்குறை உள்ள நாடு நடப்புக் கணக்கில் உபரி காட்டுவதும் உண்டு.

அடுத்து, மதிப்பு எந்த அடிப்படையில் போடப்பட்டது என்று பாருங்கள். ஏற்றுமதி பெரும்பாலும் எஃப்.ஓ.பி. விலையில், அதாவது கப்பலில் ஏற்றும் வரையிலான விலையில் பதிவாகும். பல நாடுகள் இறக்குமதியை சி.ஐ.எஃப். விலையில் பதிகின்றன, அதில் காப்பீடும் கப்பல் கட்டணமும் அடக்கம். கப்பல் கட்டணம் ஏறினாலே பற்றாக்குறை பெருத்துத் தெரியும். ஒரு நாடு வெளிநாடுகளுடன் செய்யும் எல்லாப் பரிமாற்றங்களையும் பதியும் அயல்நாட்டுச் செலுத்துநிலைக் கணக்கில் இரு பக்கமும் எஃப்.ஓ.பி.தான். ஒரு நாட்டின் சுங்க எண்ணை இன்னொரு நாட்டின் செலுத்துநிலை எண்ணோடு ஒப்பிடுவது வீண் வேலை. போதாக்குறைக்கு, ராட்டர்டாம் போன்ற துறைமுகங்கள் வழியாகப் போகும் சரக்கு, உண்மையில் சேரும் நாட்டின் பெயரில் அல்லாமல் நெதர்லாந்தின் பெயரில் பதிவாகிவிடுவதும் நடக்கும்.

மாத எண்ணை முந்தைய மாதத்தோடு ஒப்பிட வேண்டுமானால், பருவகாலத் திருத்தம் செய்த தொடரையே, அதாவது பண்டிகை, பருவம் போன்றவற்றால் ஆண்டுதோறும் வரும் ஏற்ற இறக்கத்தை நீக்கிய எண்களையே எடுங்கள். சீனப் புத்தாண்டு ஓராண்டு ஜனவரியிலும் மறு ஆண்டு பிப்ரவரியிலும் விழும். ஆகவே சீனாவுக்கு அவ்விரு மாதங்களையும் கூட்டிப் பார்ப்பதே சரி. மற்றபடி மூன்று மாதச் சராசரி போதும்.

இனிதான் முக்கியமான வேலை: விலையையும் அளவையும் பிரிப்பது. ஒரு நாடு மாதம் 5 கோடி பீப்பாய் எண்ணெயை 70 டாலருக்கு வாங்கியது என்று வைத்துக்கொள்வோம். செலவு 350 கோடி டாலர். விலை 84 டாலராகிறது, அளவு 4.8 கோடியாகக் குறைகிறது; செலவு 403.2 கோடி. கூடிய 53.2 கோடியில், விலை ஏற்றியது 67.2 கோடி (14 × 4.8), அளவு குறைத்தது 14 கோடி (0.2 × 70). நாடு குறைவாகத்தான் வாங்கியது. செய்தியோ "இறக்குமதி எகிறியது" என்று வரும். புள்ளியியல் துறை அலகு மதிப்புக் குறியீடோ (ஓர் அலகின் சராசரி விலை எப்படி மாறியது என்பது) நிலையான விலைத் தொடரோ (விலை மாற்றத்தை நீக்கிய மதிப்பு) தந்தால் இதை நீங்களே போட்டுப் பார்க்க வேண்டியதில்லை.

பிறகு பொருள்வாரிப் பட்டியல். இயந்திரங்களின் இறக்குமதியால் கூடிய பற்றாக்குறை முதலீட்டின் அடையாளமாக இருக்கலாம். எரிபொருளால் கூடியது வேறு கதை. 2011-இல் ஜப்பான், 31 ஆண்டுகளில் முதல்முறையாக ஆண்டுப் பற்றாக்குறை கண்டது. நிலநடுக்கத்தால் ஏற்றுமதி தடைபட்டது. அணு உலைகள் நின்றதால் எரிபொருள் இறக்குமதி ஏறியது. தங்கத்தை எப்போதும் தனியே ஒதுக்குங்கள். 2025 தொடக்கத்தில் அமெரிக்க இறக்குமதி எகிறியதற்கு, சுங்கவரிக்கு முந்திக்கொண்டு சரக்கு குவித்ததோடு தங்கமும் ஒரு காரணம்.

நாணய மதிப்பு சரிந்தவுடன் பற்றாக்குறை குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒப்பந்தங்கள் ஏற்கெனவே போடப்பட்டவை. உள்நாட்டு நாணயத்தில் இறக்குமதிச் செலவு முதலில் ஏறும், அளவுகள் மாறப் பல மாதங்களாகும்.

மொத்த உள்நாட்டு உற்பத்திக் கணக்கில் இறக்குமதியைக் கழிப்பதைப் பார்த்து, இறக்குமதியே உற்பத்தியைத் தின்கிறது என்று நினைப்பவர்கள் ஏராளம். நுகர்விலும் முதலீட்டிலும் ஏற்கெனவே கலந்துவிட்ட வெளிநாட்டுச் சரக்கை வெளியே எடுக்கத்தான் அந்தக் கழித்தல்.

கடைசியாக, முதல் எண்ணை நம்பி முடிவெடுக்காதீர்கள். 2022 மே மாதத்துக்கு ஜெர்மனி பற்றாக்குறை அறிவித்தது. 1991-க்குப் பின் முதல் முறை என்று பரபரப்பானது. அடுத்த வெளியீட்டிலேயே அது உபரியாகத் திருத்தப்பட்டது. எண்ணைக் குறித்துவைக்கும்போது, அது எந்தத் தேதியில் வெளியானது என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.