மாசமா இருக்கும்போது டெய்லி ஆபீஸ் போறது எப்படி: குரோம்பேட்டை டூ கிண்டி

எனக்கு இப்போ எட்டாவது மாசம். குரோம்பேட்டைலேர்ந்து கிண்டிக்கு எலக்ட்ரிக் ட்ரெயின்லதான் ஆபீஸ் போயிட்டு வர்றேன். போன வாரம் கூட வேலை பாக்கற பொண்ணு ஒருத்தி, அவளுக்கு இப்பதான் ரெண்டு மாசம், "எப்படிக்கா சமாளிக்கறீங்க"ன்னு கண்ணு கலங்கி கேட்டா, அவகிட்ட சொன்னதெல்லாம் உங்களுக்கும் உதவும்.

முதல்ல ட்ரெயின்ல உக்கார இடம் கிடைக்கற விஷயம். எல்லாரும் கடைசி மாசம்தான் கஷ்டம்னு நினைக்கறாங்க, எனக்கு முதல் மூணு மாசம்தான் உயிர் போச்சு, குமட்டல், தலைசுத்தல், நிக்கவே முடியாது, ஆனா வயிறு தெரியாததால யாரும் எழுந்து இடம் குடுக்க மாட்டாங்க, அவங்களுக்கு எப்படித் தெரியும்? அதனால வாய் விட்டு கேளுங்க. "அக்கா, மாசமா இருக்கேன், கொஞ்சம் உக்காந்துக்கட்டுமா" அவ்ளோதான். லேடீஸ் கம்பார்ட்மென்ட்ல நான் கேட்டு ஒரு நாள்கூட யாரும் இல்லன்னு சொன்னதில்ல, பூக்கூடையோட உக்காந்திருந்த ஒரு அம்மா "இதுக்கு எதுக்கு கண்ணு தயங்கற"ன்னு கையப் பிடிச்சு உக்கார வச்சாங்க. மூணு மாசம் வரைக்கும் வெளிய சொல்லக்கூடாதுன்னு வீட்ல சொல்லுவாங்க, சொந்தக்காரங்களுக்கு சொல்லாம இருங்க, ட்ரெயின்ல சொல்லலாம், மயங்கி விழறதுக்கு அது எவ்வளவோ மேல்.

கேக்கவே கூச்சமா இருந்தா இன்னொரு வழி இருக்கு. அரை மணி நேரம் முன்னாடி கிளம்பி எதிர் ட்ரெயின்ல தாம்பரம் போயிருங்க, நடுவுல சானடோரியம் ஒண்ணுதான், தாம்பரத்துல கிளம்பற வண்டில உக்காந்தே வந்துடலாம் (பாஸ் தாம்பரத்துலேர்ந்து கிண்டிக்கு எடுத்துக்கோங்க). சாயந்திரம் சென்னை பீச் ஸ்டேஷன்லேர்ந்து வர்ற வண்டி கிண்டிக்கு வரும்போதே ரொம்பி வழியும், அந்த நேரம் நான் மெட்ரோல ஏர்போர்ட் வரைக்கும் போய் அங்கேர்ந்து ஜிஎஸ்டி ரோட்ல பஸ் பிடிக்கறேன். காசு கொஞ்சம் கூட ஆகும், ஆனா லிஃப்ட் இருக்கு, ஏசி இருக்கு. சாதாரண கட்டண பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட்டுக்கு காசு கிடையாது. மெட்ரோ வாசல்ல நடந்து போற மெட்டல் டிடெக்டர் வயித்துக்கு ஆகாதுன்னு சிலர் பயமுறுத்துவாங்க, அது எக்ஸ்ரே இல்ல, பயப்படாம போங்க. ஆட்டோல போனா நடுவுல உக்காருங்க, ஸ்பீட் பிரேக்கர் வந்தா ஸ்லோ பண்ணச் சொல்லி முன்னாடியே சொல்லிடுங்க.

சாப்பாடு. எழுந்ததும் வெறும் வயித்தோட காபி குடிச்சா எனக்கு அப்படியே வெளிய வந்துடும், தலைமாட்டுலயே கொஞ்சம் பொரியோ ரஸ்க்கோ வச்சுக்கிட்டு அத மென்னுட்டு பத்து நிமிஷம் கழிச்சு எழுந்தேன், பாதி குமட்டல் குறைஞ்சுது. காஃபீன் ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம் தாண்ட வேணாம்னு டாக்டருங்க சொல்றாங்க, திக் டிகாக்ஷன் போடற வீடுன்னா சின்ன டம்ளர்ல ரெண்டோட நிறுத்திக்கோங்க. இதுல முக்கியமானது இரும்பு மாத்திரை, அத காபி டீயோட போடவே போடாதீங்க, உடம்புல சேராது, முன்ன பின்ன ஒரு மணி நேரமாவது விடணும். கால்சியம் மாத்திரையும் அதோட சேத்து போடக்கூடாது, நான் இரும்ப மதியமும் கால்சியத்த ராத்திரியும் வச்சுக்கிட்டேன், மதிய சாப்பாட்டுல ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சம் சாதமோ இருந்தா இரும்பு இன்னும் நல்லா சேரும்.

வெளிய சாப்பிட ஆசையா இருந்தா சாப்பிடுங்க, ஆவி பறக்கற இட்லி, கண்ணு முன்னாடி சுட்ட தோசை ஒண்ணும் பண்ணாது. வெட்டி வச்ச பழம், பானிபூரி தண்ணி, காலைல அரைச்ச தேங்கா சட்னி இந்த மூணும் வேணாம். மீன்ல நெத்திலி, மத்தி நல்லது, சுறா வேணாம், அதுல பாதரசம் ஜாஸ்தி. பப்பாளிய பத்தி வீட்ல சண்டையே நடக்கும், காயாவும் செங்காயாவும் இருந்தா அதுல பால் இருக்கு, அத தொடாதீங்க.

டிரெஸ்சுக்கு தனியா நிறைய செலவு பண்ணாதீங்க. அஞ்சாவது மாசம் நான் வாங்கினது நாலே நாலு காட்டன் குர்த்தி, ஏ-லைன் கட், மார்ல ஜிப் வச்சது, பொறந்தப்புறம் பால் குடுக்கவும் அதே போட்டுக்கலாம். பேன்ட் எலாஸ்டிக் வச்சது, வயித்துக்கு கீழ நிக்கற மாதிரி. பொடவை கட்டறவங்க பாவாடை நாடாவ வயித்துக்கு கீழ தளர்வா கட்டுங்க, நாடாவுக்கு பதிலா அகலமா எலாஸ்டிக் வச்சு தச்சுக்கிட்டா தடம் விழாது. செருப்பு சாயந்திரமா போய் வாங்குங்க, கால் வீங்கற நேரம் அதுதான், காலைல வாங்கினது ராத்திரி கடிக்கும். பின்னாடி பட்டை இருக்கற ஃபிளாட் செருப்பு நல்லது, மழைக்காலத்துல வழுக்காது. மோதிரம், மெட்டி டைட்டாகறதுக்கு முன்னாடியே கழட்டி வச்சுடுங்க. கால் வீக்கம் சகஜம்தான், ஆனா மூஞ்சி, கை திடீர்னு வீங்கி தலைவலியும் இருந்தா, இல்ல கண்ணு மங்கினா, அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு போங்க, பிபி ஏறியிருக்கலாம்.

வளைகாப்பு முடிஞ்சு ரெண்டு கை நெறைய கண்ணாடி வளையலோட ட்ரெயின் ஏறாதீங்க, கூட்டத்துல ஒடைஞ்சு குத்தும். ரெண்டு ரெண்டு மட்டும் போட்டுக்கிட்டு மிச்சத்த வீட்ல வச்சுட்டு வாங்க.

பேப்பர் வேலை ரெண்டு இருக்கு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல சீக்கிரமே பதிஞ்சு பிக்மி நம்பர் (கர்ப்பத்த பதிஞ்சதுக்கு அரசு குடுக்கற நம்பர்) வாங்கிடுங்க, பிரைவேட்ல பாத்தாலும் வேணும், பர்த் சர்டிஃபிகேட்டுக்கு கேப்பாங்க. பிரசவ லீவ் சட்டப்படி முதல் ரெண்டு குழந்தைக்கு 26 வாரம், அதுல 8 வாரம் வரைக்கும் டெலிவரிக்கு முன்னாடி எடுக்கலாம், ஹெச்ஆர்கிட்ட எழுத்துல குடுங்க. அப்புறம் ஹேண்ட்பேக்ல எப்பவும் ஒரு சீட்டு வச்சுக்கோங்க, அதுல பேரு, பிளட் குரூப், எத்தனாவது மாசம், டாக்டர் நம்பர், வீட்டுக்காரர் நம்பர், கூடவே கடைசி ஸ்கேன் காப்பி. போன்ல சார்ஜ் போயிட்டாலும் பக்கத்துல இருக்கறவங்க அத பாத்து 108க்கு போட்டு சொல்லிடுவாங்க.