சின்ன வீட்டில் எடைப் பயிற்சி: சாமான் வாங்கும் முன் காற்றாடியை அண்ணாந்து பாருங்கள்

எடைப் பயிற்சிச் சாமான் வாங்க நினைக்கிறவர் கைப்பேசியைத் திறந்து விலையைத்தான் முதலில் பார்க்கிறார். அதற்கு முன்னால் வீட்டை அளக்க வேண்டும். சுங்கை சிப்புட், பாகான் செராய், பகாவ் போன்ற ஊர்களில் நம் ஆட்கள் இருப்பது பெரும்பாலும் மூன்று மாதிரி வீடுகளில். ஒன்று தோட்டத்துப் பழைய பலகை வீடு, இன்னொன்று டாமானில் மலிவு விலை வரிசை வீடு, இல்லாவிட்டால் நாலைந்து மாடி அடுக்குமாடி. மூன்றிலும் இடம் குறைச்சல்தான். ஆனால் எது இடிக்கும், எது உடையும் என்பது வீட்டுக்கு வீடு மாறும். பலகை வீட்டில் சரிப்பட்டு வருவது அடுக்குமாடியில் சண்டையில் முடியலாம்.

அளவு நாடாவோடு பத்து நிமிடம்

மலேசியாவின் 1984 கட்டடத் துணைச் சட்டம் கூடத்துக்கும் படுக்கையறைக்கும் கேட்கும் உயரம் குறைந்தது 2.5 மீட்டர், சமையற்கட்டுக்கு 2.25. கூடத்தின் நடுவில் காற்றாடி ஒரு 30 சென்டிமீட்டர் கீழே தொங்கினால் மிஞ்சுவது 2.2 மீட்டர். 170 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் கையைத் தலைக்கு மேல் நீட்டினால் முஷ்டி ஏறத்தாழ 2.05-ஐத் தொடும். கையில் டம்பெல் (ஒரு கையால் தூக்கும், இரண்டு முனையிலும் தட்டு மாட்டிய எடை) இருந்தால் தட்டின் விளிம்பு இன்னும் 10 சென்டிமீட்டர் மேலே போகும். றெக்கைக்கும் தட்டுக்கும் நடுவில் நாலு விரல்கூட இருக்காது. ஆகவே தலைக்கு மேல் தூக்குகிற பயிற்சிகளைக் காற்றாடிக்கு அடியில் வைக்காதீர்கள். சுவரோரமாக நின்றோ, பெஞ்சில் உட்கார்ந்தோ செய்யலாம். காற்றாடியை நிறுத்திவிட்டுச் செய்கிறேன் என்பவருக்குச் சிக்கல் ஒன்று உண்டு: நம் ஊர் வெக்கையில் பத்தே நிமிடத்தில் யாராவது வந்து சுவிட்சைத் தட்டிவிடுவார்கள்.

அடுத்தது தரை. இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் இடத்தைத் தரையில் டேப் ஒட்டிக் குறியுங்கள். நடுவில் மல்லாந்து படுத்துக் கைகளைப் பக்கவாட்டில் விரியுங்கள். சோபாவோ சாமி மேடையோ கையில் இடித்தால் அந்த இடம் ஆகாது. பிறகு 50 சென் நாணயத்தை எடுத்து ஒவ்வொரு டைல்ஸையும் தட்டிப் பாருங்கள். ‘டக்’கென்று கெட்டியாகக் கேட்டால் அடியில் சிமெண்டு நிறைந்திருக்கிறது. ‘டொக் டொக்’கென்று பொள்ளலாகக் கேட்டால் அந்த டைல்ஸ் 5 கிலோ தட்டு முழங்கால் உயரத்திலிருந்து விழுந்தாலே விரிசல் விடும். அந்த மூலையை விட்டுவிடுங்கள்.

மாடி வீட்டுத் தளத்தைச் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ என்ற கணக்கில் வடிவமைப்பது வழக்கம். 40, 50 கிலோ டம்பெல்லால் தளம் இறங்கிவிடாது. கீழ்வீட்டுக்காரரைப் பகைக்க வைப்பது அந்த எடை கீழே விழுகிற சத்தம். விடிகாலையில் பால்மரம் வெட்டப் போய்விட்டு மத்தியானம் படுக்கிறவர்களும், ஆலையில் இரவு ஷிப்ட் முடித்து வருகிறவர்களும் நம் சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருப்பார்கள்.

கீழே விரிக்க 10 முதல் 15 மில்லிமீட்டர் கனமுள்ள கெட்டி ரப்பர் விரிப்பு வாங்குங்கள். பிள்ளைகள் விளையாடும் கலர்க்கலரான நுரை விரிப்பு வேண்டாம். எடையோடு நின்றால் குதிகால் அமுங்கி, கணுக்கால் ஆடும். பலகைத் தரையாக இருந்தால் 18 மில்லிமீட்டர் பிளைவுட் ஒன்றைக் குறுக்குச் சட்டங்கள் இரண்டு மூன்றின் மேல் படுகிற மாதிரி போட்டு, அதன் மேல் ரப்பரை விரியுங்கள்.

காசு போக வேண்டிய இடம் டம்பெல்

உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டி, பெரியவர்கள் வாரத்தில் இரண்டு நாளாவது எல்லாப் பெரிய தசைகளுக்கும் வலுப் பயிற்சி தர வேண்டும் என்கிறது. நடைமுறையில் அது நாலு வேலை: தள்ளுவது, இழுப்பது, உட்கார்ந்து எழுவது, குனிந்து தூக்குவது. தட்டு மாற்றுகிற டம்பெல் ஒரு ஜோடி இருந்தால் நாலில் மூன்று முடிந்துவிடும், இழுப்பதிலும் பாதி முடியும். வேறு எந்தச் சாமானும் அரை சதுர மீட்டருக்குள் இவ்வளவு வேலை செய்வதில்லை.

விளம்பரத்தில் ‘20 கிலோ செட்’ என்று போட்டிருந்தால் அது இரண்டு கைக்கும் சேர்த்து. கைக்குப் பத்துதான். ஒழுங்காகச் செய்கிற ஆண்பிள்ளைக்குச் சில மாதங்களில் பத்தாமல் போகும். பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் தொடங்க அது போதும், பிற்பாடு தட்டை மட்டும் சேர்க்கலாம். நாங்கள் சொல்லும் அளவு இது: 2 கிலோ பிடி (தட்டு மாட்டும் குட்டைக் கம்பி) இரண்டு, 1.25, 2.5, 5 கிலோ தட்டுகள் ஒவ்வொன்றிலும் நாலு. இதில் கைக்கு 2, 4.5, 7, 9.5, 12, 14.5, 17, 19.5 என்று சீராக 2.5 கிலோ ஏற்றத்தில் எட்டு எடை கிடைக்கும். தோள் பயிற்சியில் ஒரேயடியாக 2.5 கிலோ ஏறுவது கஷ்டம். அதற்கு அரைக் கிலோ தட்டு நாலு தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். மலிவான செட்டுகளில் 1.25 தட்டுகளைக் குறைத்துவிட்டு 5 கிலோ தட்டை அடுக்கியிருப்பார்கள். மொத்த எடை சரியாக இருக்கும், நடுவில் ஏறப் படி இருக்காது.

தட்டு எதனால் ஆனது என்பது இடம் குறைந்த வீட்டில் பெரிய விஷயம். பிளாஸ்டிக் உறைக்குள் சிமெண்டு கலவை நிரப்பிய தட்டு விலை குறைவு. ஆனால் வார்ப்பிரும்பு அதே பருமனுக்குச் சிமெண்டைப் போல மூன்று மடங்கு கனம். சிமெண்டுத் தட்டு அதனால் தடிமனாக இருக்கும். பிடியில் இரண்டு தட்டுக்கு மேல் ஏறாது, திருகுக்கு இடம் இருக்காது. போதாததற்குப் பிளாஸ்டிக் ஒரு தடவை விரிந்தால் வீடு முழுக்கச் சிமெண்டுத் தூள். இரும்பே வாங்குங்கள். விலை பார்க்கும்போது செட்டின் விலையோடு அனுப்பும் கூலியையும் சேர்த்து, மொத்தக் கிலோவால் வகுத்துக் ‘கிலோவுக்கு எத்தனை வெள்ளி’ என்று ஒப்பிடுங்கள். கனமான சாமானுக்குக் கூலிதான் கழுத்தை நெரிக்கும்.

துளை அளவையும் கேட்டுவிடுங்கள். வீட்டுச் செட்டுகள் பெரும்பாலும் 25 மில்லிமீட்டர் கம்பிக்கானவை, போட்டித் தரத் தட்டுகளின் துளை 50. பிற்பாடு கலந்து வாங்கினால் ஒன்றுக்கொன்று சேராது.

இந்த டம்பெல்லில் கோளாறு வருவது எப்போதும் திருகில்தான். மணிக்கட்டைத் திருப்புகிற பயிற்சியில் தட்டு மெல்லச் சுற்றும், சுற்றச் சுற்றத் திருகு தளரும். திருகுக்கு உள்பக்கம் ஒரு ரப்பர் வளையம் இருந்தால் பிடித்துக்கொள்ளும். அது காய்ந்து விழுந்துவிட்டால் மோட்டார் பட்டறையில் பழைய டியூப் ஒரு துண்டு கேட்டு வாங்கி, வளையமாக வெட்டிச் செருகுங்கள். ஒவ்வொரு முறை தூக்கத் தொடங்கும்முன் திருகைக் கால் சுற்று இறுக்கிப் பார்ப்பது பழக்கமாகட்டும். டம்பெல்லைச் செங்குத்தாக நெஞ்சோடு அணைத்து உட்கார்ந்து எழும்போது கீழ்ப்பக்கத் திருகு கழன்றால் நேராகக் கால் விரலில்தான் விழும்.

குமிழைத் திருப்பி எடை மாற்றும் டம்பெல் இன்னும் கொஞ்சம் இடத்தை மிச்சம் பிடிக்கும், சில நொடியில் எடை மாறும். விலை அதிகம், உள்ளே நுணுக்கமான பாகங்கள் இருக்கின்றன, கீழே போடவே கூடாது. 2025 ஜூனில் அமெரிக்காவில் இந்த ரகத்தில் லட்சக்கணக்கான டம்பெல்கள் திரும்பப் பெறப்பட்டன. தூக்கும்போது தட்டு கழன்று விழுந்ததுதான் காரணம். பழுதானால் உதிரிபாகம் எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் திருகு வைத்ததே மேல்.

இழுப்பதற்கு என்ன வழி

சின்ன வீட்டில் உண்மையான திண்டாட்டம் இதில்தான். கதவு நிலையில் மாட்டுகிற தொங்கும் கம்பி இரண்டு வகை. ஒன்று நிலையின் மேல்சட்டத்தின் விளிம்பைக் கவ்வி நிற்பது. நம் மலிவு வீட்டு நிலைகள் பல சுவர்ப்பூச்சோடு சமமாக இருக்கும்; கவ்வ விளிம்பே இருக்காது. மற்றது இரண்டு பக்கமும் திருகி நெருக்கி நிற்பது. அது உராய்வை மட்டுமே நம்பி நிற்பதால் தினமும் கொஞ்சம் தளரும். பெயிண்ட் வழவழப்பாக இருந்தால் சீக்கிரமே சறுக்கும்.

சுவரில் பொருத்துவதானால் கான்கிரீட் உத்திரத்தில் மட்டும். செங்கல்லிலோ சிமெண்டுக் கல்லிலோ, துளைக்குள் விரிந்து பிடிக்கும் விரிபோல்ட்டை முறுக்கினால் கல்லே பிளக்கும். M10 அல்லது M12 (10 அல்லது 12 மில்லிமீட்டர் தடிமன்) போல்ட் நாலு, உத்திரத்தின் ஓரத்திலிருந்து குறைந்தது 10 சென்டிமீட்டர் தள்ளி. துளை போட்டதும் உள்ளே இருக்கும் தூளை ஊதி, பிரஷ் விட்டுச் சுத்தமாக எடுக்க வேண்டும். போல்ட் பிடிக்காமல் சுற்றுவதற்குக் காரணம் பெரும்பாலும் அந்தத் தூள்தான். வாடகை வீடோ தோட்டத்து வீடோ என்றால் துளை போடும்முன் கேட்டுக்கொள்வது நல்லது.

பலகை வீட்டுக்காரர்களுக்கு இங்கே ஒரு வசதி உண்டு. நல்ல மர விட்டம் இருந்தால் பட்டைவார் போட்ட மரவளையம் ஒரு ஜோடி மாட்டலாம். 28 அல்லது 32 மில்லிமீட்டர் தடிமன் கைக்குச் சரியாக இருக்கும். வளையத்தை உயர்த்தினால் தொங்கி ஏறலாம், இடுப்பளவுக்கு இறக்கினால் சாய்ந்து இழுக்கலாம். முடிந்ததும் கழற்றி ஆணியில் மாட்டிவிடலாம். மாட்டும்முன் விட்டத்தில் நாலைந்து இடத்தில் ஸ்குரூடிரைவரை அழுத்திப் பாருங்கள். முனை உள்ளே இறங்கினால் கரையான். நல்ல மரமென்றாலும் முதலில் பாதங்களைத் தரையில் வைத்தபடியே எடையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பாருங்கள். வாசலில் கார் நிறுத்தப் போட்ட தகரக் கூரையின் இரும்புக் குழாயில் மாட்டாதீர்கள். அது கூரையைத் தாங்கப் போட்டது, ஆடுகிற ஆளைத் தாங்க அல்ல.

எதுவுமே மாட்ட முடியாத வீட்டுக்கு ரப்பர் பட்டை. சுமார் 1 மீட்டர் நீள மூடிய வளையங்கள், அகலம் 13, 22, 32 மில்லிமீட்டரில் ஒவ்வொன்று போதும். கதவில் மாட்டும்போது நீங்கள் இழுக்க இழுக்கக் கதவு இன்னும் இறுக மூடுகிற பக்கத்தில் நில்லுங்கள். மறுபக்கம் நின்றால் தாழ்ப்பாள்தான் உங்கள் எடையைப் பிடித்திருக்கும். ஜன்னல் கம்பியின் கூர் விளிம்பில் மாட்டினால் பட்டை வெட்டுப்படும். ரப்பர் தோட்டத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ரப்பரின் குணம் தெரியும்: வெயில் அதைக் காயவைத்து வெடிக்க வைக்கும், எண்ணெய் ஊறவைத்து இளக்கும். தலைக்குத் தேங்காயெண்ணெய் வைத்த கையோடு பட்டையைப் பிடிக்காதீர்கள். துடைத்து, கொஞ்சம் முகப்பவுடர் தடவி, இருட்டான அலமாரியில் வையுங்கள். இழுத்துப் பிடித்துப் பார்க்கும்போது மெல்லிய வெடிப்பு தெரிந்தால் குப்பையில் போடுங்கள். அறுந்த பட்டை அடிப்பது பெரும்பாலும் முகத்தில்.

பெஞ்சும் பார்பெல்லும்

பெஞ்சு முதல் நாளே தேவையில்லை. தரையில் படுத்துத் தள்ளினாலே நெஞ்சுக்கு நல்ல வேலை. வாங்கினால் மடிகிறதாக, 42 முதல் 45 சென்டிமீட்டர் உயரத்தில் வாங்குங்கள். படுத்தால் பாதம் முழுதாகத் தரையில் பட வேண்டும். ‘200 கிலோ தாங்கும்’ என்பதில் உங்கள் உடம்பும் அடக்கம். பிளாஸ்டிக் நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டுப் படுக்கும் யோசனை வேண்டாம், அதன் கால் சொல்லாமல் கொள்ளாமல் விரியும்.

இரண்டு கையாலும் தூக்குகிற நீளக் கம்பியான முழு பார்பெல் 2.2 மீட்டர் நீளம். பத்தடி அறையில் பக்கத்துக்கு 42 சென்டிமீட்டர்தான் மிஞ்சும், தட்டு ஏற்றவே உடம்பை ஒடுக்க வேண்டியிருக்கும். தட்டையும் கம்பித் தாங்கியையும் நினைத்துப் பார்த்தால் சின்ன வீட்டுக்கு இது ஒத்துவராது. இரண்டு டம்பெல்லைச் சேர்த்துப் பார்பெல் ஆக்கச் செட்டோடு வரும் இணைப்புக் குழாயை நம்பிக் கனமாகத் தூக்கி உட்காராதீர்கள், நடு இணைப்பு வளையும். ஒரு மூலையையே விழுங்கும் பல்வகை இயந்திரத்துக்கும் எங்கள் ஓட்டு இல்லை. சில மாதங்களில் அது துணி காயப்போடும் கொடியாகிவிடுகிறது.

எடை அவசரமாகத் தேவை, காசு இல்லை என்றால் மணல். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ, காய்ந்த மணல் ஒன்றரைக்கும் கொஞ்சம் மேல். 5 லிட்டர் எண்ணெய்க் கலன் நிறைய மணல் ஏழெட்டுக் கிலோ வரும். ஈர மணலை அடைத்தால் நாற்றமடிக்கும், வெயிலில் காயவைத்து அடையுங்கள்.

துருவும் பழைய சாமானும்

மழைக்காலத்தில் வியர்வை உப்போடு இரும்பைத் தரையில் விட்டால் வாரத்துக்குள் செம்புள்ளி வரும். உலர்ந்த துணியால் துடைத்து, மரப்பலகை மேல் வையுங்கள். மாதம் ஒருமுறை பிடியின் மரையில் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு. கைபிடிக்கும் இடத்தில் எண்ணெய் வேண்டாம். வெள்ளம் ஏறுகிற பகுதியென்றால் அலமாரியின் கீழ்த்தட்டில்கூட வைக்காதீர்கள்.

பழைய இரும்புத் தட்டு கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள், இரும்பு கெடுவதில்லை. துருவுக்கு வெள்ளை வினிகரில் ஓர் இரவு ஊறவைத்து, கம்பி பிரஷால் தேய்த்து, கழுவி உடனே துடைத்துக் காயவைத்து, மெல்ல எண்ணெய் தடவினால் போதும். தட்டில் பொறித்திருக்கும் எண்ணை மட்டும் நம்பாமல் சரக்குக் கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். மலிவுத் தட்டில் கூடக்குறைய இருக்கும். பிடியை வாங்கும்போது திருகைக் கடைசி வரை கையால் ஓட்டிப் பாருங்கள். நடுவழியில் சிக்கினாலோ, ஆட்டினால் லொடலொடத்தாலோ மரை தேய்ந்திருக்கிறது. தட்டை மட்டும் வாங்கிக்கொண்டு பிடியைப் புதிதாக வாங்குங்கள்.