அடிக்குறிப்பில் தடுக்கி விழுந்த கதை

தன்னார்வலராக ஒரு வரலாற்று நூலை ஒலிநூலாக்கியபோது, அடிக்குறிப்பு எண் வந்த இடத்திலேயே, வாக்கியத்தின் நடுவே நிறுத்திக் குறிப்பைப் படித்தேன். திருப்பிக் கேட்டால் எழுவாய் எது என்று எனக்கே மறந்துவிட்டது. இப்போது வாக்கியத்தை முடித்து, சின்ன இடைவெளி விட்டு, 'அடிக்குறிப்பு' என்கிறேன். படித்ததும் 'குறிப்பு முடிந்தது'. பொருளை விளக்கும் குறிப்புக்குத்தான் இந்த மரியாதை. வெறும் நூற்பெயரும் பக்க எண்ணும் என்றால், ஒருங்கிணைப்பாளரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, அத்தியாயக் கடைசிக்குத் தள்ளிவிடுவேன்.

மேற்கோளில் வேறு தப்பு. குரலை மாற்றி நாடகம் போட்டேன். இரண்டே பக்கத்தில் தொண்டை கட்டியது. சரி, வேண்டாம் என்று விட்டேன். சின்ன மேற்கோளுக்கு முன்னும் பின்னும் ஒரு மூச்சு இடைவெளி போதும். பத்தி நீளத்துக்குப் போனால் 'மேற்கோள்', 'மேற்கோள் முடிவு' என்று சொல்லிவிடுகிறேன். மேற்கோளுக்குள் மேற்கோள் வந்தால் இன்னும் கொஞ்சம் முழிக்கத்தான் செய்கிறேன்.