மியூசிக் புரொடக்‌ஷன் படிப்பு: பணம் கட்டுவதற்கு முன் செய்து பார்க்க வேண்டியவை

முதலில் எந்த வேலைக்காகப் படிக்கப்போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். சென்னையில் ஒரு பாட்டு தயாராகும்போது மூன்று வேலைகள் தனித்தனியாக நடக்கின்றன. மெட்டுப் போடுபவர் இசையமைப்பாளர். அந்த மெட்டுக்குத் தாளம், பேஸ் (தாழ்ந்த சுரங்கள்), லூப் (திரும்பத் திரும்ப ஓடும் இசைத் துண்டு), சின்த் (மின்னணு ஒலிகள்) எல்லாம் கணினியில் அடுக்கி உருவம் கொடுப்பவர் புரோகிராமர். இப்போது இவரைத்தான் மியூசிக் புரொட்யூசர் என்கிறார்கள். குரலையும் வாத்தியங்களையும் பதிவு செய்து, எடிட் பண்ணி, மிக்ஸ் (எல்லாச் சத்தத்தையும் அளவாகக் கலப்பது) முடித்துத் தருபவர் சவுண்ட் இன்ஜினியர். தனியிசை செய்பவர்கள் இந்த மூன்றையும் ஒரே ஆளாகப் பார்த்துக்கொள்கிறார்கள். ஆனால் படிப்பு இந்த மூன்று பேருக்கும் ஒரே அளவில் உதவாது.

சவுண்ட் இன்ஜினியராக வேண்டுமென்றால் படிக்கப் போவது பெரும்பாலும் நல்லது. புரோகிராமராக வேண்டுமென்றால் ஆறு மாதம் வீட்டில் உழைத்துப் பார்த்துவிட்டுப் போங்கள். அதற்கு முன்னால் போனால் கட்டிய பணத்தில் பாதி, இலவசமாகக் கிடைக்கும் பாடத்துக்கே போய்விடும். மெட்டுப் போடுவதுதான் ஆசை என்றால், அதே பணத்தில் ஒரு நல்ல கீபோர்டு வாத்தியாரையும் ஒரு பாட்டு வாத்தியாரையும் பிடியுங்கள். டிப்ளமோ பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டில் ஆறு மாதம்

16 ஜிபி ரேம், எஸ்எஸ்டி உள்ள கணினி, இரண்டு இன்புட் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கையும் வாத்தியத்தையும் கணினியோடு இணைக்கும் பெட்டி), காதை மூடும் ஸ்டுடியோ ஹெட்ஃபோன், 49 கட்டை உள்ள மிடி கீபோர்டு (கணினியிலுள்ள சத்தங்களை வாசிக்க உதவுவது). இவ்வளவு போதும். மைக் இப்போது வேண்டாம். ஸ்பீக்கரும் வேண்டாம், காரணம் பின்னால் வருகிறது.

மென்பொருளுக்கும் ஆரம்பத்திலேயே செலவு செய்யத் தேவையில்லை. ரீப்பர் என்ற இசைப்பதிவு மென்பொருளை 60 நாள் முழு வசதியோடு சோதித்துப் பார்க்கலாம்; பிறகு தனிநபர் உரிமம் 60 டாலர். ஆப்பிள் கணினி இருந்தால் கராஜ்பேண்ட் இலவசம், லாஜிக் புரோவுக்கு இலவசச் சோதனை உண்டா என்று பாருங்கள். எஃப்எல் ஸ்டுடியோவின் சோதனைப் பதிப்பில் ஒரு பொறி உண்டு: சேமிக்கலாம், ஆனால் சேமித்த வேலையை உரிமம் வாங்காமல் மறுபடி திறக்க முடியாது. முதல் நாள் இரவெல்லாம் உட்கார்ந்து செய்ததை மறுநாள் தேடிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். எந்த மென்பொருள் சிறந்தது என்ற சண்டையில் இறங்காதீர்கள். ஒன்றை எடுத்து ஆறு மாதம் அதிலேயே இருங்கள்.

இப்போது வேலை. ஆறு பாட்டு முடிக்க வேண்டும். முதல் இரண்டும் நகல். உங்களுக்குப் பிடித்த, வெளியான ஒரு பாட்டை டிராக்கில் போட்டு, டெம்போவை (வேகத்தை) பொருத்தி, முன்னிசை, பல்லவி, இடையிசை, சரணம் ஒவ்வொன்றும் எத்தனை பார் (ஒரு தாளச் சுற்று) என்று குறியுங்கள். எந்தப் பாரில் எந்த வாத்தியம் நுழைகிறது, எது வெளியேறுகிறது என்று எழுதுங்கள். பிறகு அதே அமைப்பைக் கையிலிருக்கும் சத்தங்களை வைத்துக் கட்டிப் பாருங்கள். இது கற்பதற்காக மட்டும். எங்கேயும் ஏற்றக் கூடாது. மீதி நான்கும் சொந்தப் பாட்டு. ஒவ்வொன்றுக்கும் நாலு வாரக் கெடு. முடிந்தது என்றால் முழு நீளமும் அடுக்கி, மிக்ஸ் செய்து, கோப்பாக வெளியே எடுத்தது என்று பொருள்.

பெரும்பாலானோர் சிக்கிக்கொள்ளும் இடம் ஒன்றுதான்: எட்டு பார் லூப். பீட் நன்றாக இருக்கும், பேஸ் நன்றாக இருக்கும், பல்லவி வரை வந்துவிடும். அதற்கப்புறம் சரணத்துக்கு என்ன செய்வதென்று தெரியாமல் புதிய பிளக்-இன் (மென்பொருளோடு சேர்க்கும் துணைக் கருவி) தேட ஆரம்பிப்பார்கள். சொந்தப் பாட்டு நான்கில் இரண்டையாவது முழுதாக முடித்திருந்தால் படிப்பில் போடும் பணத்துக்குப் பலன் இருக்கும். எல்லாமே எட்டு பாரில் நின்றிருந்தால் பிரச்சினை அறிவில் இல்லை, முடிக்கும் பழக்கத்தில் இருக்கிறது. வகுப்பில் கெடு வைத்தால் சிலருக்கு அது சரியாகும். சிலருக்கு ஆகாது.

இடையில் வரும் சின்னத் தொல்லைகளுக்கு யாரிடமும் பணம் கட்ட வேண்டாம். கீபோர்டை அழுத்தியபின் சத்தம் தாமதமாக வருகிறதா? பஃபரை (கணினி ஒரு தடவைக்கு எடுத்துக்கொள்ளும் ஒலித் துண்டின் அளவை) 128 சாம்பிளுக்கு இறக்குங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் 128 என்றால் சுமார் 2.7 மில்லி விநாடி. 512 என்றால் 10.7. இது ஒரு வழிக் கணக்குதான், மொத்தத் தாமதம் இதைவிடக் கூடும். மிக்ஸ் செய்யும்போது கணினி திணறினால் திரும்பவும் 512-க்கோ 1024-க்கோ ஏற்றுங்கள். பதிவு 24 பிட்டில் இருந்தால் அளவு மீட்டரின் உச்சியைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. உச்சம் மைனஸ் 12 டெசிபெல் அருகே நின்றால் போதும். சிவப்பு விளக்கு எரிந்து உடைந்த குரலை முழுதாகச் சரிசெய்யும் பிளக்-இன் கிடையாது.

வீட்டில் கிடைக்காதது என்ன?

அறை. மைக் முன்னால் நிஜ வாத்தியம். தவறு எங்கே என்று அந்த நொடியில் சொல்லும் காது. கூட வேலை செய்யும் ஆட்கள். படிப்புக்குக் கட்டும் பணம் இந்த நான்குக்காகத்தான். பாட நோட்டுக்காக இல்லை.

அறையை எடுத்துக்கொள்வோம். பத்தடி நீள அறையில் மிகத் தாழ்ந்த ஒத்ததிர்வு ஏறக்குறைய 56 ஹெர்ட்ஸில் விழும். அறையின் நீளவாட்டில் சரியாக நடுவில் உட்கார்ந்தால் அந்த அதிர்வெண் காதுக்கு ஏறக்குறைய மறைந்துவிடும். பேஸ் கிட்டாரின் ஏ தந்தி 55 ஹெர்ட்ஸ். ஆக, பேஸ் வாசிப்பவர் ஏ-யில் நிற்கும்போதெல்லாம் சத்தம் காணாமல் போனதாகத் தோன்றும், நீங்கள் ஏற்றுவீர்கள், அந்தப் பாட்டைக் காரில் போட்டால் கதவு அதிரும். ஸ்பீக்கர் இப்போது வேண்டாம் என்றது இதனால்தான். பிறகு வாங்கினால் முன் சுவரிலிருந்து அறை நீளத்தின் 38 சதவீத தூரத்தில், பத்தடி அறைக்கு மூன்றே முக்கால் அடி வாக்கில், உட்காருங்கள். மூலைகளில் நாலு அங்குலக் கனத்துக்குக் குறையாத ராக்வுல் (ஒலியை உறிஞ்சும் கனிம இழை) பலகைகள் வையுங்கள். முட்டை அட்டை ஒட்டுவதால் பேஸுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் சரியான அறை எப்படிக் கேட்கும் என்று ஒருமுறையாவது காதுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நல்ல பள்ளி ஒன்றில் அது முதல் மாதத்திலேயே தெரிந்துவிடும்.

அடுத்தது மிருதங்கம். தொப்பிப் பக்கம் (கனமான சத்தம் தரும் இடப்பக்கம்) ஒரு மைக், வலந்தலைப் பக்கம் (வலப்பக்கம்) ஒரு மைக் வைத்துப் பதிவு செய்கிறீர்கள். தனித்தனியாகக் கேட்டால் இரண்டும் அருமை. சேர்த்துக் கேட்டால் தொப்பியின் கனம் வற்றி, அட்டைப் பெட்டியைத் தட்டுவதுபோல் ஆகிறது. புதியவர் ஈக்யூவில் (தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் கருவி) பேஸை ஏற்றிக்கொண்டே போவார். பக்கத்தில் ஆசிரியர் இருந்தால் ஒரு சேனலில் போலாரிட்டி பொத்தானை (அலையைத் தலைகீழாக்குவது) அழுத்துவார். கனம் திரும்பி வரும். இரண்டு மைக்கும் எதிரெதிராகப் பார்ப்பதால் ஒன்றின் அலை ஏறும்போது மற்றது இறங்குகிறது, சேரும்போது அடித்துக்கொள்கிறது. அப்புறம் மைக்கை இரண்டு அங்குலம் நகர்த்தி மறுபடி மோனோவில் (இரண்டையும் ஒரே தடமாகச் சேர்த்து) கேட்கச் சொல்வார். இதைக் காணொளியில் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்தான். ஆனால் உங்கள் காதில் விழுவது இந்தக் கோளாறுதான் என்று காணொளி சொல்லாது. பறையும் தவிலும் வந்தால் வேறு தலைவலி: நுட்பமான கண்டன்சர் மைக்கைப் பக்கத்தில் வைத்தால் மைக்கோ, அதன் சிக்னலைப் பெருக்கும் ப்ரீஆம்போ சத்தத்தை உடைக்கும். மைக்கில் பேட் (சிக்னலைக் குறைக்கும் பொத்தான்) இருந்தால் போட வேண்டும், இல்லையென்றால் பலத்த சத்தத்தைத் தாங்கும் டைனமிக் மைக்குக்கு மாற வேண்டும், அல்லது மூன்றடி தள்ளி வைக்க வேண்டும். ரெடிமேட் சாம்பிள் தொகுப்புகளில் நம் வாத்தியங்கள் சொற்பம் என்பதால் தமிழில் வேலை செய்பவருக்கு இந்தப் பயிற்சி கட்டாயம்.

எங்கே படிப்பது

அரசு வழி ஒன்று இருக்கிறது, பலர் அதை யோசிப்பதே இல்லை. சென்னை தரமணியில் எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் ஒலிப்பதிவு நான்காண்டுப் பட்டப்படிப்பு. கட்டணம் தனியார் பள்ளிகளோடு ஒப்பிட முடியாத அளவுக்குக் குறைவு, இடங்களும் குறைவு. பட்டம் முடித்தவர்களுக்கு புனே திரைப்பட நிறுவனத்திலும் கொல்கத்தா சத்யஜித் ராய் நிறுவனத்திலும் ஒலித்துறைப் படிப்பு உண்டு. புனேயில் பிளஸ் டூவில் இயற்பியல் படித்திருக்க வேண்டும். கலைப்பிரிவுக்காரர்கள் கடைசி நேரத்தில் இதைப் பார்த்துத் திகைக்கிறார்கள். இந்த மூன்றும் சினிமா ஒலிக்கானவை. பீட் போடுவது இங்கே பாடம் இல்லை.

இசையோடு சேர்த்துத் தொழில்நுட்பம் வேண்டுவோர் பார்க்கும் இடம் ஏ.ஆர்.ரஹ்மான் 2008-இல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரி. இதைத் தவிர ஆறு மாத, ஓராண்டு டிப்ளமோ தரும் தனியார் பள்ளிகள் ஏராளம். தரம் மலைக்கும் மடுவுக்குமாக இருக்கும். ஒரே மென்பொருளைப் பத்து வாரயிறுதிகளில் சொல்லித்தரும் வகுப்புகளுக்கு லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

நேரில் போகும்போது வரவேற்பறையில் பேசுவதைவிட ஸ்டுடியோவுக்குள் நின்று கேட்பது நல்லது. ஒரு மாணவருக்கு வாரத்துக்கு எத்தனை மணி நேரம் தனியாக ஸ்டுடியோ தருவார்கள்? முன்பதிவு எப்படி? ஒரு வகுப்பில் எத்தனை பேர்? பன்னிரண்டு பேருக்கு ஒரே அறை, வாரத்துக்கு ஆளுக்கு ஒரு மணி நேரம் என்றால் மைக்கைத் தொடும் நாளைவிட வேடிக்கை பார்க்கும் நாளே அதிகம். ஆசிரியர் பெயரைக் கேட்டு, அவர் வேலை செய்த பாட்டை அன்று மாலையே கேளுங்கள். பழைய மாணவர்களின் வேலையைக் காட்டச் சொல்லுங்கள். மாஸ்டர் கோப்பு (முடிந்த பாட்டு) போதாது, செஷனை (தடங்கள் எல்லாம் தனித்தனியாக இருக்கும் வேலைக் கோப்பை) திறந்து காட்டச் சொல்லுங்கள். மாலையில் ஸ்டுடியோ பூட்டியிருக்கிறதா, மாணவர்கள் உள்ளே இருக்கிறார்களா என்பதைப் பார்த்தாலே பாதி விஷயம் புரியும்.

'நூறு சதவீத வேலைவாய்ப்பு' என்று பலகை வைத்திருந்தால் கவனம். இந்தத் தொழிலில் பணி நியமனக் கடிதம் அரிது. ஒரு இன்ஜினியர் உங்களைத் தன் அறையில் உதவியாளராக உட்கார விடுவதுதான் இங்கே வேலைவாய்ப்பு, முதல் சில மாதங்கள் அதற்குச் சம்பளம் பெயருக்குத்தான் இருக்கும். அந்த மாதங்களுக்கான வாடகையையும் சாப்பாட்டுச் செலவையும் கட்டணத்தோடு கூட்டிக் கணக்குப் போடுங்கள்.

பணம்

தனியார் டிப்ளமோவுக்குச் சொல்லும் கட்டணத்தின் மேல் பெரும்பாலும் 18 சதவீத ஜிஎஸ்டி வரும். சேர்த்துத்தான் சொன்னார்களா என்று கேளுங்கள். கல்விக்கடன் எடுப்பதாக இருந்தால், சேருவதற்கு முன்பே வங்கிக்குப் போங்கள். அங்கீகாரம் இல்லாத டிப்ளமோவுக்குக் கல்விக்கடன் பெரும்பாலும் மறுக்கப்படும், பிறகு வட்டி அதிகமான தனிநபர் கடனில் போய் நிற்பீர்கள். இடையில் நின்றால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். கட்டணம் முழுவதையும் ஒரே தவணையில் கேட்பவர்களிடம் பேரம் பேசுங்கள்.

பாடத்திட்டத்தில் பதிப்புரிமை இருக்கிறதா என்றும் பாருங்கள். இந்தியச் சட்டத்தில் இசைப்படைப்பின் ஆசிரியர் (படைப்பாளி) இசையமைப்பாளர். ஒலிப்பதிவின் ஆசிரியர் அதைத் தயாரிக்கப் பொறுப்பேற்றவர். ராத்திரி பகலாக லூப் அடுக்கிய புரோகிராமருக்கு, ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால், இரண்டிலும் இடமில்லை. 2012 திருத்தம் ராயல்டியை உறுதிசெய்தது இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடகர் போன்ற கலைஞர்களுக்கு; புரோகிராமருக்கு என்று தனியாக எதுவும் இல்லை. மெட்டிலும் உங்கள் பங்கு இருந்தால் எத்தனை சதவீதம் என்று வேலை தொடங்கும் முன்பே எழுதி வாங்கி, இசையமைப்பாளர்களுக்கும் பாடலாசிரியர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் அமைப்பில் உறுப்பினராகிப் பதிவு செய்யுங்கள்.

சேர்ந்துவிட்டால்

ஸ்டுடியோ நேரத்தைக் கறந்துவிடுங்கள். யாரும் எடுக்காத காலை ஏழு மணி வேளையைக் கேட்டு வாங்குங்கள். பாடத் தெரிந்த, வீணை வாசிக்கத் தெரிந்த வகுப்புத் தோழர்களைப் பிடித்து ஒவ்வொரு வாரமும் ஏதாவது ஒன்றைப் பதிவு செய்யுங்கள். வீட்டிலேயே செய்ய முடிந்த பீட்டைப் பள்ளி ஸ்டுடியோவில் உட்கார்ந்து செய்வது வீண்.

கடைசி இரண்டு மாதத்தில் மூன்று வேலை கையில் தயாராக இருக்க வேண்டும்: முழுக்க நிஜ வாத்தியங்களில் பதிவு செய்த ஒரு பாட்டு, முழுக்கப் புரோகிராமிங் செய்த ஒரு பாட்டு, இரண்டு நிமிடக் காட்சி ஒன்றுக்கு ரீ-ரெக்கார்டிங் (பின்னணி இசை). பாட்டுகளில் ஒன்றின் ஸ்டெம்களை (குரல், தாளம் என்று தனித்தனியாக எடுத்த ஒலிக்கோப்புகளை) உங்களைத் தெரியாத ஒரு இன்ஜினியருக்கு அனுப்புங்கள். எல்லாக் கோப்பும் முதல் பாரிலிருந்தே தொடங்கி ஒரே நீளத்தில், 48 கிலோஹெர்ட்ஸ் 24 பிட்டில், மாஸ்டரில் லிமிட்டர் (உச்சச் சத்தத்தை அமுக்கும் கருவி) இல்லாமல், பெயரைப் பார்த்தாலே உள்ளே இருப்பது தெரியும்படி. டெம்போவும் சுருதியும் ஒரு குறிப்பில். உங்களுக்கு ஒரு போன்கூடச் செய்யாமல் அவர் மிக்ஸைத் தொடங்கிவிட்டார் என்றால் ஸ்டுடியோக்கள் இருக்கும் வடபழனிப் பக்கம் வேலை கேட்டுப் போகலாம்.