விருந்தாளி வரும் வாரத்தில் மிஷனரிப் பிள்ளைகள் விஷயத்தில் நாம் செய்யும் தவறுகள்

வெளிநாட்டிலிருந்தோ வேறு பேராயத்திலிருந்தோ ஒரு பெரிய ஐயா சென்னைக்கு வருகிறார் என்று தகவல் வந்துவிட்டால் போதும், மிஷன் கமிட்டியில் உடனே பேச்சு களைகட்டிவிடும். பேனர் யார் அடிப்பது, சால்வை எத்தனை வாங்குவது, ஏர்போர்ட்டுக்கு யார் கார், மதியம் பிரியாணியா சாப்பாடா. நாம் ஊழியத்துக்கு அனுப்பி வைத்து நேபாளத்தில் ஓர் அறையில் தங்கியிருக்கும் இருபத்திரண்டு வயதுப் பையனிடம் அந்த வாரம் யார் பேசப்போகிறார்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. விருந்தாளியைக் கவனிப்பதும் பிள்ளைகளைக் கவனிப்பதும் பல சபைகளில் ஒரே ஆளின் தலையில்தான் விழுகிறது, அவரும் பகலில் ஆபீஸ் போகிறவராக இருப்பார், அதனால் எது கண்ணுக்கு முன்னால் நிற்கிறதோ அது ஜெயித்துவிடும்.

அதனால் முதலில் அடிபடுவது வாராந்தர போன்தான். "இந்த வாரம் ஐயா வந்திருக்கார் தம்பி, அடுத்த வாரம் பேசுவோம்" என்று ஒரு வாட்ஸப் செய்தி போய்விடும். அவனும் "சரி அண்ணா, ஸ்தோத்திரம்" என்று போட்டுவிடுவான். மொழி புரியாத ஊரில், குளிரில், வாரம் ஒரு முறை தமிழில் மனம்விட்டுப் பேசக் கிடைக்கிற அரை மணி நேரம் அது என்பதை இங்கே யாரும் யோசிப்பதில்லை. நீங்கள் ஏர்போர்ட்டில் நிற்க வேண்டியிருந்தால் கமிட்டியில் வேறு ஒருவரைப் பேசச் சொல்லுங்கள், அவனுக்குப் பழக்கமான ஒருவரை, பெயரை முன்கூட்டியே அவனுக்குச் சொல்லிவிட்டு. இன்னொன்று, நேரம். நேபாளத்தில் பெரும்பாலான சபைகள் கூடுவது சனிக்கிழமை. நமக்குச் சனிக்கிழமைதான் ஓய்வு என்பதால் அன்றைக்கே விருந்தாளியோடு சேர்த்து ஒரு வீடியோ காலும் வைத்துவிடுகிறோம், அது அவனுக்கு மூச்சு விட நேரமில்லாத நாள். கடிகாரமும் நம்மைவிடப் பதினைந்து நிமிடம் முன்னால் ஓடுகிறது, நாம் ஐந்து மணி என்றால் அங்கே ஐந்தே கால்.

அந்த வீடியோ காலைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் அதிகக் கெடுதல் நடக்கிறது. வேப்பேரிப் பக்கம் ஒரு சபை ஹாலை நினைத்துக்கொள்ளுங்கள். மின்விசிறி சத்தம், திரையில் புரொஜெக்டர் வெளிச்சம், முன்வரிசையில் சால்வை போர்த்திய விருந்தினர், பின்னால் இருநூறு பேர். திரையில் பையன் மொட்டை மாடியில் நிற்கிறான், சிக்னலுக்காக. குரல் விட்டுவிட்டு வருகிறது. செயலாளர் மைக்கைப் பிடித்து, "தம்பி, இந்த வருஷம் எத்தனை ஆத்துமாக்கள்? ஐயாவுக்குச் சொல்லுங்க" என்கிறார். பையன் ஒரு நொடி பக்கத்தில் பார்க்கிறான். அங்கே அவன் செய்வது உள்ளூர் சபையின் வாலிபர்களுக்குக் கிட்டார் சொல்லிக்கொடுப்பது, விடுதிப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன், வயதான போதகருக்கு ஒத்தாசை. ஆனால் இருநூறு பேர் காத்திருக்கிறார்கள். ஒரு எண்ணைச் சொல்கிறான். கைதட்டல்.

இத்தனை பேர் மதம் மாறினார்கள் என்று அவன் சொன்ன அந்த எண் பொய் என்பது ஒரு பிரச்சினை. அது யூடியூபில் நேரலையாகப் போய்க்கொண்டிருக்கிறது என்பது அதைவிடப் பெரிய பிரச்சினை. நேபாளத்தில் 2017ல் இயற்றி 2018 ஆகஸ்ட்டில் அமலுக்கு வந்த குற்றவியல் சட்டத்தின் 158ஆம் பிரிவு, ஒருவரை மதம் மாற்றுவதையும் மாற்ற முயல்வதையும் குற்றம் என்கிறது. 5 ஆண்டு வரை சிறை, 50,000 நேபாள ரூபாய் வரை அபராதம், வெளிநாட்டுக்காரராக இருந்தால் தண்டனை முடிந்த 7 நாளுக்குள் நாடு கடத்தல். சட்டத்துக்கு உட்பட்டு ஒழுங்காக வேலை செய்கிற ஒரு பையனை, சென்னையில் ஒரு மேடையில் கைதட்டலுக்காகக் கேட்ட கேள்வி குற்றவாளியாகக் காட்டிவிடும், அதுவும் அவன் வாயாலேயே. "நேபாளில் இன்னார் மூலம் இத்தனை பேர் இரட்சிப்பு" என்று ஃபேஸ்புக்கில் படத்தோடும் ஊர்ப் பெயரோடும் போடுவதும் அதே ரகம்தான். அவனுக்கு மட்டுமா? அவன் ஊருக்குத் திரும்பிவிடுவான், அவன் போய்வந்த அந்தச் சின்னச் சபை அங்கேயேதான் இருக்கப்போகிறது.

ஆகவே நேரலை இருக்கும் கூட்டத்தில் பணித்தளத்துப் பிள்ளைகளைத் திரையில் கொண்டுவராதீர்கள். விருந்தினர் பார்க்க விரும்பினால் ஒரு சின்ன அறையில், நான்கைந்து பேரோடு, போன்கள் மேசையில் கவிழ்ந்திருக்க, பேசட்டும். அப்புறம், விருந்தினரும் படம் எடுப்பார், ஊருக்குப் போய்த் தன் சபைச் செய்திமடலில் போடுவார், அவருக்கு இந்தச் சட்டமெல்லாம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது என்று அவர் வந்து இறங்கிய அன்றே சொல்லிவிடுங்கள். கிளம்பும் நாளில் சொன்னால் அதற்குள் பாதிப் படம் போய்ச் சேர்ந்திருக்கும்.

அந்தச் சின்ன அறையில்கூட ஒரு தவறு நடக்கிறது. கமிட்டி ஆட்கள் எழுந்து போகவே மாட்டார்கள். பையன் பேசும்போது செயலாளர், பொருளாளர், போதகர் எல்லாரும் சுற்றி உட்கார்ந்திருந்தால் அவன் "எல்லாம் நல்லா இருக்கு ஐயா" என்பதைத் தவிர வேறென்ன சொல்வான்? மூன்று மாதமாகப் படிப்பணம் வரத் தாமதமாகிறது, கூட இருக்கிறவனோடு ஒத்துப்போகவில்லை, ராத்திரியில் தூக்கம் வருவதில்லை, இதெல்லாம் வெளியாளிடம்தான் சில சமயம் வாய் திறந்து வரும். நல்ல விருந்தினர் ஒருவர் வந்திருக்கிறார் என்றால் அவர் பிரசங்கத்தைவிட இந்தக் காது கொடுக்கிற வேலைதான் பிள்ளைகளுக்குப் பெரிய உதவி. கொஞ்ச நேரம் எழுந்து வெளியே போய் டீ குடித்துவிட்டு வாருங்கள். தங்கச்சிமார் யாராவது பணித்தளத்தில் இருந்தால் அந்தப் பேச்சில் பெரியவர்களான சகோதரிகளில் ஒருவர் கூட இருக்க வேண்டும், அது யார் என்பதையும் அந்தப் பெண்ணே சொல்லட்டும். எவ்வளவு பெரிய ஐயாவாக இருந்தாலும் இதில் விதிவிலக்கு வேண்டாம்.

இனி காகித வேலை. சலிப்பாக இருக்கும், ஆனால் இதில் வழுக்கினால் விருந்தினரும் மாட்டுவார், சபையும் மாட்டும். டூரிஸ்ட் விசாவில் வருகிறவர் கோயில், ஆலயம் பார்க்கலாம், ஆராதனையில் உட்காரலாம், சொற்பொழிவு கேட்கலாம். மேடையேறிப் பிரசங்கம் பண்ணவும் கைப்பிரதி கொடுக்கவும் கூடாது. மிஷனரி வேலைக்கென்று தனி விசாவே இருக்கிறது. "ஐயா நம்ம ஊர்க்காரர்தானே, ஓசிஐ அட்டை வைத்திருக்கிறார்" என்று சிலர் தைரியம் சொல்வார்கள். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்குத் தரும் இந்த அட்டையை வைத்திருப்பவர்களும் மிஷனரி வேலைக்குத் தனியாக அனுமதி வாங்க வேண்டும் என்று மத்திய அரசின் 2021 அறிவிக்கை சொல்கிறது. அழைப்புக் கடிதம் எழுதுவதற்கு முன்பே விசாவைப் பற்றிப் பேசுங்கள், டிக்கெட் போட்ட பிறகு அல்ல.

ஹோட்டலில் தங்கினால் வெளிநாட்டு விருந்தினர் வந்த விவரத்தை ஹோட்டலே தெரிவித்துவிடும். பாஸ்டர் வீட்டு மாடியிலோ சபை விருந்தினர் அறையிலோ தங்கவைத்தால் அது உங்கள் பொறுப்பு. சி படிவம் என்று எல்லாரும் சொல்வது அதைத்தான், 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகமான எஃப்ஆர்ஆர்ஓவுக்கு ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து வரும் ஐயா தமிழ்தான் பேசுவார், ஆனால் சட்டத்துக்கு அவரும் வெளிநாட்டவர்தான். இதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

பணம். விருந்தினர் கிளம்பும்போது கவர் ஒன்றை நீட்டி, "பிள்ளைகளுக்குக் கொடுங்கள்" என்பார். வாங்கிப் பையில் வைத்துக்கொள்வது சுலபம். வெளிநாட்டுக் குடிமகன் கொடுத்தால் அது இந்திய ரூபாயாக இருந்தாலும், வெளிநாட்டுப் பணம் வாங்குவதை ஒழுங்குபடுத்தும் எஃப்சிஆர்ஏ சட்டப்படி வெளிநாட்டு நன்கொடைதான். அந்தச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாத சபை வாங்கவே கூடாது. பதிவு இருந்தாலும் டெல்லியில் ஸ்டேட் பாங்க் மெயின் பிராஞ்சில் திறந்த கணக்கு வழியாகத்தான் வர வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, அப்படி வந்த பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றவும் முடியாது, அந்த அமைப்புக்குப் பதிவு இருந்தாலும் கூட. துபாயில் வேலை பார்க்கும் இந்தியப் பாஸ்போர்ட்காரர் தன் சேமிப்பிலிருந்து கொடுப்பது வெளிநாட்டு நன்கொடை ஆகாது, அமெரிக்கப் பாஸ்போர்ட் வாங்கிவிட்ட நம் அண்ணாச்சி கொடுப்பது ஆகும். கவரைத் திருப்பிக் கொடுக்கச் சங்கடமாக இருக்கும், அதனால் இதையும் முன்கூட்டியே மின்னஞ்சலில் எழுதிவிடுவது நல்லது.

பணத்தைவிட வாக்குறுதிதான் எனக்குப் பயம். உணர்ச்சிவசப்பட்ட விருந்தினர் ஒருவர், அந்தப் பையனிடமே நேரடியாக, "உனக்கு எங்கள் செமினரியில் இடம் வாங்கித் தருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அவர் விமானம் ஏறியதும் மறந்துவிடுவார், இவன் மாதக்கணக்கில் மெயிலைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருப்பான். எந்த உதவியும் கமிட்டி வழியாகத்தான், பிள்ளைகளிடம் நேரில் எதுவும் சொல்ல வேண்டாம் என்று விருந்தினரிடம் கேட்டுக்கொள்வதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. பின்னாளில் பேராயரான வேதநாயகம் சாமுவேல் அசரியா 1910ல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் மேல்நாட்டு மிஷனரிகளிடம் கேட்டது நட்பைத்தான். நூறு வருஷத்துக்கு மேலாகியும் நாம் விருந்தாளியைப் பார்த்ததும் பட்ஜெட் காகிதத்தை நீட்டுகிறோம்.

விருந்தோம்பலைப் பற்றிச் சுருக்கமாக. ஒரு நாளில் நான்கு கூட்டம் வைக்காதீர்கள், அதிலும் மே மாதக் கத்திரியில். தோமா நினைவாகக் கோயில் இருக்கும் பரங்கிமலையைப் பார்க்க வேண்டும் என்று எல்லாரும் கேட்பார்கள். அது மீனம்பாக்கம் ஏர்போர்ட்டுக்குப் பக்கம், வருகிற அன்றோ போகிற அன்றோ வைத்துக்கொண்டால் சாந்தோமிலிருந்து ஊரைக் குறுக்கே வெட்டிக்கொண்டு டிராஃபிக்கில் நிற்க வேண்டாம். பேனர் வேண்டவே வேண்டாம். 2019ல் பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து ஒரு பெண் உயிர் போனதற்குப் பிறகும் தெருவில் ஐயாவின் படத்தைக் கட்ட எப்படித்தான் மனம் வருகிறதோ. சமையலை எல்லாம் பாஸ்டரம்மா தலையில் கட்டுவதையும் நிறுத்துங்கள். பக்கத்து மெஸ்ஸிலிருந்து சாப்பாடு வந்தால் எந்த ஐயாவும் கோபித்துக்கொண்டு போனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

விடுமுறைக்கு ஊருக்கு வந்திருக்கும் பிள்ளைகள் அந்த நேரத்தில் சென்னையில் இருந்தால் அவர்களை டிரைவராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் பை தூக்குகிறவர்களாகவும் ஆக்கிவிடுவது சகஜம். அவன் ஒரு வருஷம் கழித்து அம்மா சமையலைச் சாப்பிட வந்திருக்கிறான். விருந்தினரைச் சந்திக்க ஒரு மாலை போதும், மீதி நாள் அவன் வீட்டில் இருக்கட்டும்.

விருந்தினர் கிளம்பிய பிறகு, நன்றிக் கடிதத்தோடு சேர்த்து அவர் பிள்ளைகளிடம் என்ன பேசினார், என்ன ஒப்புக்கொண்டார் என்பதையும் ஒரே பக்கத்தில் எழுதி அவருக்கே அனுப்பிவிடுங்கள், அதன் நகல் பையனுக்கும் போகட்டும்.