டெபியன் 12-இலிருந்து 13-க்கு: மேம்படுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

லினக்ஸ் இயங்குதளமான டெபியனின் 13-ஆம் வெளியீடு, 'ட்ரிக்ஸி' என்ற பெயரில் 2025 ஆகஸ்ட் 9 அன்று வந்தது. அன்று முதல் எங்கு பார்த்தாலும் அதே மூன்று வரி வழிகாட்டிதான்: மென்பொருளை எங்கிருந்து எடுப்பது என்று சொல்லும் களஞ்சியப் பட்டியலில், டெபியன் 12-இன் பெயரான 'புக்வோர்ம்' என்று இருப்பதை 'ட்ரிக்ஸி' என மாற்றுங்கள், மேம்படுத்தும் கட்டளையைக் கொடுங்கள், கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். பெரும்பாலான கணினிகளில் இது போதும் என்பதும் உண்மை. டெபியன் அவ்வளவு பொறுப்போடு உருவாக்கப்படும் வழங்கல். எங்கெங்கே போதாது என்பதையும் அதன் குழுவினரே வெளியீட்டுக் குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். நான்காம் அத்தியாயம் மேம்படுத்தும் முறையைச் சொல்கிறது. ஐந்தாம் அத்தியாயம் எதிர்பார்க்க வேண்டிய சிக்கல்களைச் சொல்கிறது. இந்த இரண்டையும் படிக்காமல் கட்டளையைத் தட்டுவதுதான் முதல் தவறு. கீழே வரும் பலவும் அதிலிருந்து பிறப்பவை.

தொடங்கும் முன்பே நடப்பவை

அவசரப்பட எந்தத் தேவையும் இல்லை. டெபியன் 12-க்கு முழுப் பாதுகாப்பு ஆதரவு 2026 ஜூன் வரையிலும், அதன்பின் நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரையிலும் அறிவிக்கப்பட்டிருக்கிறது. பலருக்குச் சேவை தரும் சர்வரை வெளியீட்டு நாளன்றே மாற்றுவதைவிட, முதல் சில திருத்த வெளியீடுகள் வரும்வரை காத்திருப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. முதல் திருத்தமான 13.1, ஒரு மாதத்துக்குள், செப்டம்பர் 6 அன்றே வந்துவிட்டது.

ஆனால் சிலர் தாங்கள் அறியாமலே அவசரப்பட்டுவிடுகிறார்கள். களஞ்சியப் பட்டியலில் வெளியீட்டின் பெயருக்குப் பதில் 'ஸ்டேபிள்' என்று எழுதி வைத்திருப்பவர்கள் இவர்கள். புதிய வெளியீடு வந்த அன்றே 'ஸ்டேபிள்' என்பதன் பொருள் ட்ரிக்ஸி ஆகிவிடுகிறது. வழக்கமான புதுப்பித்தல் என்று நினைத்துச் செய்யும் வேலை, எந்தத் தயாரிப்பும் இல்லாத முழு மேம்படுத்தலாகிவிடலாம். பட்டியலில் எப்போதும் வெளியீட்டின் பெயரையே எழுதுங்கள்.

நேர் எதிர்ப்பக்கத்தில், டெபியன் 11-இலேயே நீண்ட நாள் தங்கிவிட்டு, ஒரே தாவலில் 13-க்கு வர நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அது ஆதரிக்கப்படாத வழி. 11-இலிருந்து 12-க்கு வந்து, மறுதொடக்கம் செய்து, எல்லாம் ஓடுகிறதா என்று பார்த்து, 12-இன் கடைசித் திருத்தங்களையும் நிறுவிய பிறகே 13. இதில் குறுக்குவழி கிடையாது.

பழைய கணினிகளுக்கு உயிர் கொடுக்க டெபியனை நிறுவியவர்கள் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். 32 பிட் பிசி இனி டெபியனின் முழுமையான தளமாக இல்லை. அதற்கான கெர்னலும் (இயங்குதளத்தின் மையக் கரு) நிறுவியும் 13-இல் வரவில்லை. 64 பிட் கணினியில் பழைய 32 பிட் நிரல்களை இயக்குவதற்காக மட்டுமே 32 பிட் பொதிகள் (நிறுவத்தக்க மென்பொருள் தொகுப்புகள்) தொடர்கின்றன. ஆகவே 32 பிட் நிறுவலை 13-க்கு மேம்படுத்தவே கூடாது. அதே நேரம், உங்கள் செயலி உண்மையில் 64 பிட்டாக இருந்து, யாரோ எப்போதோ 32 பிட் டெபியனைப் போட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. செயலியின் விவரத்தைப் பார்த்துவிட்டு, அப்படியிருந்தால் 64 பிட் பதிப்பைப் புதிதாக நிறுவிக்கொள்ளுங்கள்.

வெளியாரின் களஞ்சியங்களும் அடிக்கடி தொல்லை தருபவை. குரோம், டாக்கர், என்விடியா என்று ஒவ்வொன்றுக்காகவும் ஒரு வரி சேர்த்திருப்போம். சிலர் உபுண்டுவுக்கான களஞ்சியத்தையே டெபியனில் சேர்த்திருப்பார்கள். மேம்படுத்தும்போது இவை பழைய நூலகங்களைப் பிடித்துக்கொண்டு விடாது. அல்லது, அதைவிட மோசமாக, நீங்கள் விரும்பும் பொதிகளை நீக்கச் சொல்லும். மேம்படுத்தும் முன் இவற்றை முடக்கிவையுங்கள். டெபியன் அல்லாத இடத்திலிருந்து வந்த பொதிகளைப் பட்டியலிடும் கட்டளை நான்காம் அத்தியாயத்திலேயே இருக்கிறது. அந்தந்த நிறுவனம் ட்ரிக்ஸிக்கான களஞ்சியத்தைத் தந்த பிறகு திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம்.

வட்டில் கெர்னல் இருக்கும் பூட் பகுதியின் அளவையும் பாருங்கள். கெர்னலும், வன்பொருளுக்கான ஃபர்ம்வேர் கோப்புகளும் பெருத்துவிட்டன. பூட் தனிப் பகுதியாக இருந்தால் குறைந்தது 768 எம்பி அளவும், அதில் சுமார் 300 எம்பி காலி இடமும் வேண்டும் என்கிறது டெபியன். பழைய நிறுவல்களில், குறிப்பாக வட்டு முழுவதையும் மறையாக்கம் செய்தவற்றில், இந்த இடம் இருக்காது. பாதி வழியில் இடம் தீர்ந்தால் மேம்படுத்தல் அங்கேயே நின்றுவிடும்.

காப்பு நகல் எடுக்கச் சொல்லும் வழிகாட்டிகள்கூடப் பெரும்பாலும், எடுத்த நகலிலிருந்து ஒரு கோப்பையாவது மீட்டுப் பார்க்கச் சொல்வதில்லை. பாருங்கள்.

தொலைவிலிருந்து செய்யும்போது

வாடகை சர்வரை வீட்டிலிருந்து எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் பாதுகாப்பான இணைப்பு) வழியாக மேம்படுத்துபவர்கள் மிகுந்த கவனத்தோடு இருக்க வேண்டிய இடம் இது. டீமக்ஸ் அல்லது ஸ்கிரீன் அமர்வுக்குள் வேலையைத் தொடங்க வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். இணைப்பு அறுந்தாலும் சர்வரில் வேலை தொடரும், திரும்ப உள்ளே வந்து அதே அமர்வைப் பிடித்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. இந்த முறை அந்தக் கணக்கில் ஓர் ஓட்டை இருக்கிறது.

எஸ்எஸ்எச் சேவையைத் தரும் மென்பொருளான ஓபன்எஸ்எஸ்எச்சின் புதிய பதிப்பில் உள்ளமைப்பு மாறிவிட்டது. முன்பு ஒரே நிரலாக இருந்த சேவை இப்போது மூன்றாகப் பிரிந்திருக்கிறது: இணைப்புக்காகக் காத்திருப்பது ஒன்று, நுழைபவரைச் சரிபார்ப்பது ஒன்று, ஒவ்வோர் அமர்வையும் நடத்துவது மற்றொன்று. மேம்படுத்தலின் நடுவே, நினைவகத்தில் பழைய சேவை ஓடிக்கொண்டிருக்கும்போது வட்டில் புதிய நிரல் வந்து உட்கார்ந்துவிடுகிறது. அந்த இடைவெளியில் உங்கள் இணைப்பு அறுந்தால், திரும்ப உள்ளே நுழைய முடியாமல் போகலாம். டீமக்ஸ் உள்ளே பத்திரமாக ஓடும். நீங்கள் வெளியே நிற்பீர்கள். இதற்கான திருத்தத்தை டெபியன் 12-க்கே கொடுத்துவிட்டார்கள். ஓபன்எஸ்எஸ்எச் சர்வர் பொதியின் பதிப்பு எண் 'டெப்12யு7' அல்லது அதற்கும் பிந்தையதாக இருக்க வேண்டும். பட்டியலில் பெயரை மாற்றும் முன்பு 12-ஐ முழுமையாகப் புதுப்பித்திருந்தால் இது தானாகவே வந்திருக்கும். அந்த ஒரு படியைத் தாண்டிச் செல்பவர்களே மாட்டுகிறார்கள். சர்வர் நிறுவனம் தரும் இணையவழிக் கன்சோலுக்குள் உங்களால் நுழைய முடிகிறதா என்பதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

எஸ்எஸ்எச்சில் நுழைய டிஎஸ்ஏ என்ற பழைய வகைச் சாவியை இன்னும் யாராவது பயன்படுத்தினால், அது 13-இல் செல்லாது. அமைப்பை மாற்றித் திரும்ப இயக்கவும் வழியில்லை. புதிய சாவி உருவாக்கி, அது வேலை செய்வதை உறுதிசெய்துவிட்டுத் தொடங்குங்கள்.

நடுவில் வரும் அந்தக் கேள்வி

மேம்படுத்தல் பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது திரை நின்று ஒரு கேள்வி கேட்கும். உதாரணமாக, இணைய சர்வரான என்ஜின்எக்ஸின் முதன்மை அமைப்புக் கோப்பு: 'இதை நீங்களோ ஏதோ ஒரு நிரலோ மாற்றியிருக்கிறீர்கள், பொதியைத் தருபவரும் புதிய வடிவம் அனுப்பியிருக்கிறார், என்ன செய்யட்டும்?' ஒய் அழுத்தினால் புதியது வரும், என் அழுத்தினால் உங்களுடையது இருக்கும், டி அழுத்தினால் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டும். எதுவும் சொல்லாமல் என்டர் தட்டினால் உங்களுடையதே தங்கும்.

எல்லாவற்றுக்கும் ஒய் அழுத்துபவர்கள் ஆண்டுக்கணக்கில் செய்த மாற்றங்களை ஒரு நொடியில் ஒதுக்கிவிடுகிறார்கள். எல்லாவற்றுக்கும் என்டர் தட்டுபவர்களோ, புதிய மென்பொருளைப் பழைய அமைப்போடு கட்டிப்போடுகிறார்கள். மின்னஞ்சல் சர்வரான டவ்காட் இதற்கு நல்ல சான்று. 13-இல் வருவது 2.4 பதிப்பு, பழைய 2.3-க்கு எழுதிய அமைப்பு அதற்குப் பொருந்தாது. பழையதை வைத்துக்கொண்டால் சேவை எழாது, அஞ்சல் நின்றுவிடும். ஒவ்வொரு முறையும் முதலில் டி அழுத்தி, படித்துவிட்டு முடிவெடுங்கள். எதைத் தேர்ந்தாலும் மற்றது அழிந்துபோவதில்லை. புதியதை ஏற்றால் உங்களுடையது 'டிபிகேஜி-ஓல்ட்' என்ற பின்னொட்டோடும், உங்களுடையதை வைத்தால் புதியது 'டிபிகேஜி-டிஸ்ட்' என்ற பின்னொட்டோடும் பக்கத்திலேயே இருக்கும். வேலை முடிந்த பிறகு இந்தக் கோப்புகளைத் தேடி எடுத்து ஒப்பிடுவது சலிப்பான வேலைதான். இருந்தும் அதைச் செய்யாமல் மேம்படுத்தல் முடிந்ததாகக் கொள்ள முடியாது.

மறுதொடக்கத்துக்குப் பின் தெரிபவை

இந்த வெளியீட்டில் பலரையும் தடுமாற வைக்கக்கூடியது, தற்காலிகக் கோப்புகளுக்கான 'டிஎம்பி' அடைவில் செய்யப்பட்ட மாற்றம். தனியாக ஏற்பாடு செய்திராத கணினிகளில் அது இனி வட்டில் இல்லை, ரேமில் இருக்கிறது. மொத்த ரேமில் பாதி வரை அது எடுத்துக்கொள்ளலாம். கோப்புகள் வந்தால்தான் இடம் பிடிக்கும். 2 ஜிபி ரேம் உள்ள சிறிய சர்வரை நினைத்துப் பாருங்கள். இரவில் தரவுத்தளத்தை முழுதாக அந்த அடைவில் இறக்கி, சுருக்கி, வெளியே அனுப்பும் ஸ்கிரிப்ட் ஒன்று ஆண்டுக்கணக்கில் ஓடிவருகிறது. 13-இல் அதற்கு 1 ஜிபிதான் எல்லை. தரவு அதைத் தாண்டினால் நகல் பாதியில் அறுந்துபோகும். தாண்டாவிட்டாலும், அந்த அளவு ரேம் மற்ற சேவைகளுக்குக் கிடைக்காது. பழையபடி வேண்டும் என்றால், சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் நிரலான சிஸ்டம்டி வழியாக அந்த ரேம் ஏற்பாட்டை முடக்கி மறுதொடக்கம் செய்தால் போதும். பெரிய கோப்புகளை 'வார்' அடைவுக்குள் இருக்கும் தற்காலிக இடத்துக்கு மாற்றிவிடுவதே நான் பரிந்துரைக்கும் வழி.

கெர்னல் அளவுருக்களை 'சிஸ்சிடிஎல்' என்ற ஒற்றைக் கோப்பில் எழுதிவைத்தவர்கள் கவனிக்க: சிஸ்டம்டி அதை இனி படிப்பதில்லை. உங்கள் கணினி ரௌட்டராகவோ விபிஎன் நுழைவாயிலாகவோ இருந்து, பிணையத் தரவைக் கடத்தும் அனுமதியை அதில் எழுதியிருந்தால், மறுதொடக்கத்துக்குப் பின் எந்தப் பிழைச்செய்தியும் இல்லாமல் போக்குவரத்து நின்றுவிடும். அந்த வரிகளை அதே பெயரில் இருக்கும் அடைவுக்குள் தனிக் கோப்பாக மாற்றுங்கள். மறையாக்கம் செய்த வட்டுகள் வைத்திருப்போர், மறுதொடக்கம் செய்யும் முன் 'சிஸ்டம்டி-கிரிப்ட்செட்டப்' பொதி நிறுவப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தரவுத்தள மென்பொருளான போஸ்ட்கிரெஸ்கியூஎல் 15-இலிருந்து 17-க்கு மாறுகிறது. ஆனால் உங்கள் தரவு தானாக மாறுவதில்லை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், பழையதே ஓடிக்கொண்டிருக்கும், அதற்கு இனி புதிய களஞ்சியத்திலிருந்து திருத்தம் வராது. தரவை மாற்றும் கட்டளையை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். பைதான் 3.11-இலிருந்து 3.13-க்குப் போவதால் பழைய மெய்நிகர்ச் சூழல்கள் உடையும். அவற்றைச் சரிசெய்ய முயலாமல் புதிதாக உருவாக்குவதே எளிது.

எல்லாம் ஓடத் தொடங்கியதும், தேவையற்ற பொதிகளை நீக்கும் கட்டளையை உடனே தட்டத் தோன்றும். சில நாட்கள் பொறுங்கள். பழைய 6.1 கெர்னல் இருக்கும்வரை, புதிய 6.12 கெர்னலில் வைஃபையோ கிராஃபிக்ஸோ முரண்டு பிடித்தாலும் தொடக்கப் பட்டியலிலிருந்து பழையதைத் தேர்ந்து உள்ளே வரலாம். பிறகு நீக்கும்போதும் அது காட்டும் பட்டியலைக் கடைசி வரி வரை படித்துவிட்டே சம்மதம் கொடுங்கள்.